சிரட்டைக்கு அடியில்

சுங்கச் சவுக்கையைத் தாண்டிய பிறகுதான் காற்றைக் கவனித்தேன். வைகாசி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மேற்கே வருகிறவர்கள் துண்டைக் கடித்துக்கொண்டு குனிந்து வருவார்கள். நான் கிழக்கே போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அது உதவியாகத்தான் இருந்தது.

தோளில் ஒரு சாக்குப்பை. அதில் மாற்று வேட்டி ஒன்றும் மூன்று சிரட்டைகளும். சுங்கக் காவல்காரர் பையைத் திறந்து சிரட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்திருந்தார். அந்தக் காலத்தில் புகையிலை கடத்தப் பையன்களைத்தான் அனுப்புவார்கள். கருவாட்டு வீச்சம் அடித்ததும் முகத்தைச் சுளித்துத் திருப்பிப் போட்டுவிட்டு, எங்கே போகிறேன் என்று கேட்டார். நாயைப் பார்க்க என்றேன். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். எனக்குப் பதினொரு வயது.

சாலையில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அதுதான் எனக்கு வழி. காய்ந்திருந்தால் கிடை தூரத்தில் இருக்கிறது, ஈரமாக இருந்தால் நெருங்கிவிட்டேன். காய்ந்துதான் கிடந்தது. நடந்தேன்.

நம் வயதுக்காரர்களுக்குக் கிடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், பேரப்பிள்ளை யாராவது எட்டிப் பார்த்து வாசிக்கலாம். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் கிழக்கேயிருந்து ஆட்டுக் கூட்டங்கள் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கும். பகலில் அறுத்த நெல்தாளில் மேயும். இரவில் ஒவ்வொரு வயலாக அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு, நெல் கிடைக்காரருக்கு. முதல் மழை விழுந்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்கள். கூட்டத்துக்கு ஒரு நாய் கட்டாயம் இருக்கும். ஆட்டை மடக்குவது, பிரிந்ததைச் சேர்ப்பது எல்லாம் அதன் பாடு.

அந்தப் பங்குனியில் வந்த கூட்டத்தின் நாய் செவலை. ஒல்லி. நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது. எங்கள் ஊர் தோவாளைக்குள் ஆடுகள் நுழைகிற நேரத்தில் திருநெல்வேலி மோட்டார் பஸ் எதிரே வந்தது. மோட்டாரைக் கண்டால் மற்ற நாய்கள் குரைக்கும், அல்லது ஓடும். இது இரண்டும் செய்யவில்லை. கூட்டத்திலிருந்து விலகிப் போகிற பெரிய ஆடு என்று நினைத்துவிட்டது. முன்னால் பாய்ந்து மடக்கப் பார்த்தது. முன்னங்கால் ஒன்று சக்கரத்தின் ஓரத்தில் அகப்பட்டது.

கிடைக்காரர் அதைத் துண்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு எலும்புக் கட்டுப்போடும் ஆசான் வீட்டு வாசலில் போய் நின்றார். நாய்க்குக் கட்டா என்று ஆசான் எழுந்திருக்கவே இல்லை. அவர் வயலில் இரண்டு இரவு சும்மாவே கிடை போடுகிறேன் என்றதும் எழுந்தார். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையில் உளுந்தம் மாவைக் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றினார்.

"நாயிக்குக் கட்டுப் போட்டேன்னு எவங்கிட்டயும் சொல்லாதேயும். பொறவு மனுசன் ஒருத்தன் எங்கிட்ட வரமாட்டான்" என்றார்.

ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், கால் ஊன்றக்கூடாது. அதுவரை நாயை வீட்டில் வைத்துக்கொள்ள என் மாமா ஒப்புக்கொண்டார். அவருக்கும் ஓர் இரவுக் கிடை. பேச்சு இப்படி முடிந்தது: திரும்பி வரும்போது கால் நேராக இருந்தால் கிடைக்காரர் கூட்டிக்கொண்டு போவார். கோணிப் போயிருந்தால் நொண்டி நாய் கிடைக்கு உதவாது, அது மாமாவுக்கே. பிச்சித் தோட்டத்தில் கிடந்து குரைக்கட்டும் என்றார் மாமா. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது என் அம்மாவின் அண்ணன் வீடு. அம்மா பேதியில் போய்விட்டாள். அப்பா இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர், முதல் வருடம் இரண்டு கடிதம் போட்டார், அவ்வளவுதான். மாமா கெட்டவர் இல்லை. மாமிக்கு ஐந்து பிள்ளைகள். ஆறாவது தட்டு என்னுடையது. கடைசியில் வைப்பார்கள், முதலில் கழுவ எடுத்துவிடுவார்கள். எல்லோரும் என்னை 'எலே' என்றுதான் கூப்பிட்டார்கள். நாயின் பெயரைக் கேட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அதுவும் எலேதான். மாமி முற்றத்தில் நின்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

அசையக்கூடாது என்று ஆசான் சொன்னதை மாமா தமக்குத் தெரிந்த வகையில் செய்தார். மாட்டுத் தொழுவத்தின் கோடியில் இருட்டான மூலை, குட்டைக் கயிறு, வாசலில் ஓலைத் தட்டி. வெளிச்சம் கண்டால்தானே ஓடத் தோன்றும் என்பது அவர் கணக்கு. பசு கன்று போட்டபோதும், சின்ன மகனுக்கு அம்மை போட்டபோதும் இருட்டில்தான் வைத்தார். அந்த இரண்டும் பிழைத்துக்கொண்டன. ஆகவே அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் நாய் கட்டைக் கடித்துத் தின்றது. முட்டையும் உளுந்தும் அல்லவா! ஆசான் திட்டிக்கொண்டே மறுபடி கட்டினார், இந்த முறை வேப்பெண்ணெய் தடவி. நம் பிள்ளைகள் காணாத முட்டையை நாய் தின்கிறது என்று மாமி அடுப்படியிலிருந்து சொன்னாள். ஐந்தாம் நாள் அது கயிற்றைக் கடித்தது. பிறகு தன் நல்ல காலையே கடிக்கத் தொடங்கியது. ரத்தம் வந்தது. தட்டியை விலக்கினால் பல்லைக் காட்டியது, வாயோரம் நுரை. வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது.

வயல் காவல்காரர் தடியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"வெறி ஏறிட்டுவே. வெள்ளிக்கிழமை வரை பாப்போம். தண்ணியில வாய் வைக்கல்லன்னா நான் வந்து முடிச்சிருதேன்."

இதையும் கொடுமை என்று சொல்லமாட்டேன். முந்தின வருடம் வெறிநாய் கடித்து ஊரில் ஒரு பெண்குழந்தை செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

கஞ்சிச் சட்டியைக் கம்பால் உள்ளே தள்ளிவிட வேண்டும், பக்கத்தில் போகக்கூடாது என்று எனக்கு உத்தரவு. புதன்கிழமை நான் வயல் வரப்பில் எலி வளையைத் தோண்டிவிட்டு அப்படியே வந்திருந்தேன். முழங்கால்வரை சேறு. வழியில் சாணி, கருவாட்டுக்காரி உட்கார்ந்து எழுந்த இடத்தில் சிந்திய தண்ணீர், எல்லாவற்றையும் மிதித்திருந்தேன். தட்டியைத் தள்ளியதும் உறுமல் வந்தது. வந்த உறுமல் பாதியில் நின்றது. நாய் கழுத்தை நீட்டி என் கால் பெருவிரலை மோந்தது. பிறகு அடுத்த விரல். ஒவ்வொரு விரலாக, அப்புறம் குதிகால், அப்புறம் மற்றக் கால். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் காலில் ஒட்டியிருந்த ஊர் முழுவதையும் மோந்து முடித்துவிட்டுத் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்து மடமடவென்று குடித்தது.

அதற்கு வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை. செய்வதற்கு வேலை இல்லை. அதை வேறு யாருக்கும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நானும் அந்த வீட்டில் அப்படித்தான் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காவல்காரர் வருவதற்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்தேன். மிதிக்கக்கூடாததை எல்லாம் மிதித்தேன். அவர் தடியை ஊன்றி நின்று பார்க்க, நாய் என் கால்களை மோந்தது, குடித்தது. "எலே, ஒன் காலு என்ன பலாச்சக்கையா" என்று கேட்டுவிட்டுத் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றே நாயைச் சாக்கில் கிடத்தி இழுத்து வெளியே பூவரச மரத்தடியில் கட்டினேன். மாமா முதுகில் இரண்டு வைத்தார். ஆனால் திரும்ப இழுத்துக்கொண்டு போகவில்லை.

பிறகு தினமும் ஒரு வாசனை கொண்டுவர வேண்டியதாயிற்று. நேற்றையதை இன்றைக்குக் கொண்டுவந்தால் நாய் ஒருமுறை மோந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். தோவாளையில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் பூவுக்குப் பஞ்சம் இல்லை. முதலில் பிச்சிப்பூ கொண்டுபோனேன். தும்மிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பாம்புச் சட்டை ஒரு காலை நேரத்துக்குப் போதுமானதாக இருந்தது. மலையடிவாரத்து முயல் புழுக்கை ஒரு நாள் முழுக்க வந்தது. மோட்டார் நிற்கும் இடத்தில் கிடந்த எண்ணெய்த் துணி ஒன்றைக் கொண்டுவந்தேன். முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. அந்தத் துணியை இரண்டு முன்னங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு மாலை வரை அதற்குக் காவல் இருந்தது.

கருவாட்டுக்காரி கடற்கரையிலிருந்து வருகிறவள். நடை என்று சொல்ல முடியாது, சின்ன ஓட்டம். பழைய ஓலைப்பெட்டி ஒன்று இருந்தால் தா என்று கேட்டேன்.

"ஒனக்கா மக்கா, நாயிக்கா?"

நாய்க்கு என்றேன்.

"நாயிக்குப் பெட்டி இருக்கட்டு. நீ வல்லதும் தின்னியா?"

தின்றேன் என்று பொய் சொன்னேன். அந்த வருடம் என்னிடம் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான், அதனால்தான் பொய் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். அவள் பெட்டியையும் கொடுத்து, ஒரு பிடி நெத்திலித் தலையையும் அள்ளிப் போட்டாள்.

அந்தத் தலைகளிலிருந்து சிரட்டை விளையாட்டு வந்தது. மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து ஒன்றுக்கு அடியில் மட்டும் ஒரு தலை. முதலில் நாய் பாய்ந்து தட்டிவிட்டது. எழுந்தால் சிரட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். படுத்துத் தாடையைத் தரையில் வைத்தால்தான் நான் விரலால் தட்டுவேன், பிறகு அது மூக்கால் தேடி எடுக்கலாம். நான்கு நாளில் படித்துவிட்டது. சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும், எங்கே நின்றாலும் படுத்துவிடும். நான் தட்டும்வரை கண் மட்டும் சிரட்டையில் இருக்கும். நான் ஒருநாளும் அதை ஏமாற்றியதில்லை. மூன்றில் ஒன்றில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

பகலெல்லாம் இப்படி ஒப்பேற்றலாம். அந்திதான் கஷ்டம். ஆடு அடைக்கிற நேரம் அது. எங்கேயோ ஒரு ஆடு கத்தினால் கூட நாய் கயிற்றை இழுத்து முனகும். ஒரு நாள் கோழிகளை அடைக்கிற பஞ்சாரக் கூடையை நாயின் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தேன். மாமிக்கு ஏழு கோழிகள். அதில் கறுப்பி ஒன்று ஊரையே ஓட வைக்கும். நாய் படுத்தபடி கறுப்பியைப் பார்த்தது. தொண்டைக்குள் லேசாக ஒரு சத்தம். கறுப்பி நின்றது, யோசித்தது, கூடைக்குள் போய்விட்டது. ஏழும் உள்ளே போனதும் நாய் பெருமூச்சு விட்டுத் தூங்கியது. அன்றிலிருந்து கோழி அடைப்பு அதன் வேலை. நாய்க் கண் பட்டால் முட்டை நின்றுவிடும் என்று மாமி சண்டை பிடித்தாள். முட்டை நிற்கவில்லை. சண்டை நின்றது.

பள்ளிக்கூடம் நின்றதையும் சொல்ல வேண்டும். புது வாசனைக்காக நாளுக்கு நாள் தூரம் போக வேண்டியிருந்தது. காலையில் சிலேட்டோடு கிளம்பி, வேலிக்குள் சிலேட்டைச் செருகிவிட்டு நடப்பேன். ஒரு நாள் பத்மநாபபுரம் கோட்டைவரை போய் மறுநாள்தான் வந்தேன், கோட்டைச் சுவரில் வௌவால் எச்சம் சுரண்டி எடுக்க. வாத்தியார் ஆள் அனுப்பினார். மாமா என்னை மரத்தில் கட்டி அடித்தார். அந்த வேலிக்குள் செருகிய சிலேட்டு பிறகு கிடைக்கவே இல்லை. என் படிப்பு அதோடு சரி. மூன்றாம் வகுப்பு. பிற்காலத்தில் எந்த ஊரிலும் ஒரு வருடம் தங்காதவன் என்று என்னைப் பலர் சொன்னதுண்டு. எனக்கு நடக்கப் பழகிக் கொடுத்தது நடக்க முடியாத ஒரு நாய்.

நாற்பத்தொன்றாம் நாள் ஆசான் கட்டை அவிழ்த்தார். கால் நேராக இருந்தது. ஆனால் உள்ளே இன்னும் பச்சை எலும்புதான், இன்னும் பத்து நாளுக்குள் ஓடவிட்டால் வளைந்துவிடும், பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் நாயும். படல் கதவைத் திறந்து வைத்தேன். கயிற்றை அவிழ்த்தேன். சாலையில் யாருடைய ஆடுகளோ போய்க்கொண்டிருந்தன. ஒரு ஓட்டம், அவ்வளவுதான் வேண்டும். கால் கோணிவிட்டால் நாய் எனக்கு. நாய் படல்வரை போயிற்று. ஆடுகளைப் பார்த்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது, போகட்டுமா என்று கேட்கிற மாதிரி.

என் கை சிரட்டையை எடுத்துத் தரையில் கவிழ்த்தது. நாய் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. நான் போய்ப் படலைச் சாத்தினேன். நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் அதே கைதான்.

கிடைக்காரர் சொன்னபடி வைகாசியில் வந்தார். நாயைக் குளத்தங்கரை ஈர மண்ணில் நடக்கவிட்டு, குந்தி உட்கார்ந்து நான்கு தடத்திலும் விரலை விட்டு ஆழம் பார்த்தார். நான்கும் ஒன்றுபோல் இருந்தன. இத்தனை நாள் எப்படி அடக்கி வைத்தீர்கள் என்று கேட்டார்.

"இருட்டுல கெட்டிப் போட்டேன். அனக்கமே இல்ல" என்றார் மாமா.

கிடைக்காரர் என்னைப் பார்த்தார். என் மேல் கருவாட்டு வீச்சம் அடித்துக்கொண்டிருந்தது. "நல்ல இருட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

போகும்போது நாய் திரும்பிப் பார்த்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பார்க்கவில்லை. ஆடுகளுக்குள் புகுந்தது, அவ்வளவுதான். அன்று அந்தியில் கறுப்பி கூடைக்குள் போகவில்லை. அதை நான் ஊர் முழுக்கத் துரத்தினேன். மறுநாள் உச்சி சாய்ந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமி பார்த்தாள், புல்லுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். சாலை முக்குவரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கணவாய்க்குக் கிழக்கே, இன்று மின்சாரக் காற்றாடிகள் நிற்கிற பொட்டலில் அன்று உடைமரங்கள்தான். புழுக்கை ஈரமாகிற இடத்துக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. கிடை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நாய் பட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, நான்கு காலிலும். அது ஓடி நான் பார்த்தது அன்றுதான். இவ்வளவு வேகம் அதற்குள் இருந்ததா என்று நின்றுவிட்டேன். என்னிடம் வந்து காலை மோந்தது, ஒவ்வொரு விரலாக. பையில் கிடந்த கடைசி நெத்திலித் தலையைக் கொடுத்தேன். ஒரு ஆடு கத்தியது. போய்விட்டது.

கிடையிலேயே இருந்துகொள்கிறேன் என்று கிடைக்காரரிடம் கேட்டேன்.

"எங்க பிள்ளைகளுக்கே ஆடு பத்தலய்யா" என்றார். "கூழக் குடிச்சிட்டுப் படு. காலையில மேக்க போற மோட்டார்ல ஏத்தி விடுதேன்."

காலையில் கிழக்கே போகிற மோட்டார்தான் முதலில் வந்தது. ஆடுகள் சாலை முழுக்க நின்றன. நாய் மோட்டாரைப் பார்த்தது. நாற்பத்தொரு நாள் கட்டில் கிடந்தும் அது ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பெரிய ஆட்டை மடக்க நேரே பாய்ந்தது. கிடைக்காரர் கத்தியது காற்றில் எங்கேயோ போய்விட்டது. நான் பையிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து, நாய் கண்ணில் படுகிற மாதிரி சாலையோர மண்ணில் ஓங்கிக் கவிழ்த்தேன்.

நாய் பாதி ஓட்டத்தில் திரும்பிச் சாலையோரத்தில் விழுந்து படுத்தது. தாடை தரையில். மோட்டார் பத்தடி தாண்டி நின்றது.

டிரைவர் இறங்கி வந்து முதலில் கிடைக்காரரைத் திட்டினார், பிறகு என்னை, பிறகு ஆடுகளை. முடித்துவிட்டு நாயைப் பார்த்தார்.

"அது என்னதுலே?"

"சிரட்டை" என்றேன்.

அவருடைய கிளீனர் முந்தின நாள்தான் காய்ச்சல் என்று நின்றுவிட்டிருந்தான். வழி நெடுக ஆடும் மாடும் குறுக்கே வருகின்றன, முன்னால் மட்கார்டில் உட்கார்ந்து இறங்கி விலக்க ஆள் வேண்டும், சோறு உண்டு, வருகிறாயா என்று கேட்டார். நான் கிடைக்காரரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். ஏறிக்கொண்டேன்.

வண்டி நகர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நாய் அப்படியே கிடந்தது, கண் சிரட்டையில். நான் தட்டவேண்டும் அல்லவா. கிடைக்காரர் வந்து குனிந்து கம்பால் சிரட்டையைப் புரட்டினார். உள்ளே பார்த்தார். பிறகு மோட்டாரைப் பார்த்தார். சிரட்டைக்கு அடியில் ஒன்றும் இல்லை. கடைசித் தலை முந்தின நாளே தீர்ந்துவிட்டது.

அதற்குள் டிரைவர் கூப்பிட்டுவிட்டார், எலே என்று. அடுத்த குளத்தில் வண்டியை நிறுத்தி ஒரு தகரத்தைக் கையில் கொடுத்தார். இறங்கித் தண்ணீர் மொண்டுவந்து எஞ்சினில் ஊற்றினேன்.